சாம்பலைத் தட்டக்கூடாது

முத்துநாயகம் சார் வருகிறார் என்று போன் வந்த நேரத்தில் மெஹ்ருன்னிசா அடுக்களையில் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். பள்ளிவாசல் முக்குச் சாயாக்கடைக்கும், குளச்சல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மெஸ்ஸுக்கும் காலையில் அவள் வீட்டு இடியாப்பம்தான் போகிறது. வெளியே ஆனிச் சாரல். இரண்டு தெரு தள்ளிக் கிடந்த கடல் வீட்டுக்குள்ளே வந்து நின்று இரைவதுபோல் கேட்டது. அந்த இரைச்சலுக்கு நடுவே முன்னறையில் ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

"ஏட்டி மெஹ்ரு," என்று ஜக்கரியா கூப்பிட்டார். ஒரு வார்த்தை பேசினால் அடுத்த வார்த்தைக்கு அவர் காற்றைத் தேட வேண்டும். "ஜும்மா முடிஞ்சு சாரு வாறாராம். இந்த மெஷினத் தூக்கி உள் அறையில வை. கதவச் சாத்திரு."

"அங்க வச்சா குழாய் எட்டாதே."

"எட்டாண்டாம். அவரு இருக்க வரைக்கும் எனக்குக் குழாய் வேண்டாம்."

மாவு ஒட்டிய கையோடு அவள் முன்னறை வாசலுக்கு வந்தாள். "கிறுக்கா ஒங்களுக்கு? கக்கூசுக்குப் போயிட்டு வாறதுக்குள்ள வாய்ச் சுண்டு நீலமாவுது."

"கொஞ்ச நேரந்தானே. இருந்திரலாம். அவரு என்னயக் கண்டது எப்படின்னு ஒனக்குத் தெரியாது. இந்தக் கோலத்துல காணாண்டாம்."

எப்படிக் கண்டார் என்பது அவளுக்குத் தெரியாதுதான். ஜக்கரியா மஸ்கட்டில் ஒரு பெரிய ஹோட்டலின் சுருட்டு அறையில் இருபது வருசத்துக்குப் பக்கம் வேலை பார்த்தவர். ஊரில் சூப்பர்வைசர் என்று சொல்லிக்கொண்டார்கள். கல்யாணமான புதிதில் அவர் போனில் உண்மையைச் சொன்னபோது மெஹ்ருன்னிசா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் கண்ட சுருட்டு, கடப்புறத்தில் வலை பொத்துகிற கிழவன்மார் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு, எச்சிலும் புகையுமாக இழுக்கிற சுருட்டு. அதைப் பற்றவைத்துக் கொடுக்க ஒரு ஆளா? அதற்குக் கோட்டும் கழுத்து டையுமா?

"சிரியாத புள்ள. இதுக்கு முறை உண்டு," என்று அவர் அன்றைக்குச் சொன்னார். தலைப்பக்கம் நூலளவுதான் வெட்ட வேண்டும். கூடினால் இலை பிரிந்துபோகும். தீக்குச்சியின் மருந்து எரிந்து தீர்ந்த பிறகுதான் சுருட்டின் கிட்டே கொண்டுபோக வேண்டும். தீ சுருட்டைத் தொடக்கூடாது, கீழே நின்று சூடு காட்ட வேண்டும். சாம்பலைத் தட்டக்கூடாது, அதுவாக விழ வேண்டும். தீர்ந்தால் நசுக்கி அணைக்கக்கூடாது. கிண்ணத்தின் ஓரம் சாய்த்து வைத்துவிட்டால் தன்னால் அணைந்துபோகும். நசுக்குவது அவமரியாதை. இவையெல்லாம் சுருட்டு வலிக்கிறவருக்கு. நிற்கிறவனுக்கு வேறே உண்டு. விருந்தாளி பேசாமல் நாம் பேசக்கூடாது. எதையும் கேட்கக்கூடாது. முக்கியமாக, இருமக்கூடாது. இருமினால் அவருடைய புகையை நாம் குற்றம் சொன்னதுபோல் ஆகிவிடும்.

ஜக்கரியா ஐந்து வேளை தொழுகிறவர். பீடி சிகரெட் தொட்டதில்லை. ஆனால் லீவுக்கு வரும்போதெல்லாம் பெட்டியைத் திறந்தால் அத்தரையும் மீறிக்கொண்டு புகையிலை வாடை வரும். சட்டைகளை இரண்டு தரம் அலசியும் போகாது. அலசும்போது மெஹ்ருன்னிசாவுக்கு மனசின் ஒரு மூலையில் சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. நாகர்கோவிலில் நெஞ்சு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எத்தனை வருசமா வலிக்கிறீங்க?" என்று கேட்டார். "தொட்டதே இல்ல டாக்டர்" என்று ஜக்கரியா சொன்னபோது டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலை குனிந்துகொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் கேட்டுவிட்டாள். "அல்லாவுக்குப் பொதுவா சொல்லுங்க. வலிச்சிருக்கீங்களா இல்லியா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "சுருட்டுப் புகைய யாரும் விழுங்க மாட்டாங்க மெஹ்ரு. வாயில நிறுத்தி ருசி பாத்துட்டு வெளிய விட்டிருவாங்க. அதுதான் முறை. நெஞ்சுக்குள்ள இழுக்கப்படாது. ஆனா வெளிய விட்ட புகை எங்க போவும்? அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. நான் அங்கதானே நின்னேன்."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. தெருவில் மட்டும் இன்றும் பேச்சு உண்டு. ஜக்கரியா கல்ஃபில் கண்டபடி வலித்திருக்கிறான், இப்போது அனுபவிக்கிறான் என்று.

முத்துநாயகம் வருவதில் அந்த வீட்டுக்கு ஒரு காரியம் இருந்தது. மகன் ஃபாயிஸ் பி.காம். முடித்தவன். துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதினான். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத மாசங்களில் ஐஸுக்கு வேலையில்லை. ஐஸுக்கு வேலையில்லை என்றால் கணக்குக்கும் வேலையில்லை. இடியாப்பம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தால் அவன் நாள் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். முத்துநாயகம் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், அந்தச் சுருட்டு அறைக்கு வாடிக்கையாக வந்தவர். மஸ்கட்டில் கான்ட்ராக்ட் எடுத்து வளர்ந்து, இப்போது கூட்டாளிகளோடு சொந்தமாகவே ஹோட்டல் கட்டியிருந்தார். தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தவர், "ஜக்கரியாவக் காணாம போவ மாட்டேன்" என்று தானே போன் பண்ணியிருந்தார்.

"ஒரு தடவை கேட்டுப் பாக்கேன்," என்றார் ஜக்கரியா. "ஆபீஸ்ல, கணக்குல வல்ல வேலையும் இருந்தா. இத்தன வருசத்துல அவருக்கிட்ட வாய் திறந்து ஒண்ணு கேட்டதில்ல."

மெஹ்ருன்னிசா உள் அறையில் மெஷினுக்கு இடம் ஒதுக்கினாள். முன்வாசல் சிட்அவுட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள். ஃபாயிஸ் வாப்பாவுக்கு முகம் மழித்து, பெருநாள் சட்டையை மாட்டிவிட்டான். எலும்பின் மேல் சட்டை தொங்கியது. கடைசிவரை குழாயை எடுக்காமல் வைத்திருந்து, தெருவில் கார் சத்தம் கேட்ட பிறகுதான் அவள் அதை அவர் காதுகளிலிருந்து கழற்றி, மெஷினை உள் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். குழாய் கிடந்த தடம் கன்னத்தில் இரண்டு கோடாகப் பதிந்திருந்தது. அதைத் தேய்த்துவிட்டாள். போகவில்லை.

முத்துநாயகம் கனத்த மனிதர். வந்த வேகத்தில் ஜக்கரியாவை எழும்பவிடாமல் தோளைப் பிடித்து அமர்த்தினார். "இரும் வேய், இரும்! என்ன இப்படி மெலிஞ்சு போயிட்டீரு? அங்க கோட்டு போட்டு நிக்கும்போ மந்திரி கணக்கால்லா இருப்பீரு?"

"கொஞ்சம் இழுப்பு சார். மழைக்கு."

"இந்தச் சாரல்ல யாருக்குத்தான் இழுப்பு இல்ல? எனக்க வீட்டுக்காரியும் கிடக்கா." அவர் முகத்தில் கள்ளமே இல்லை. திரைக்குப் பின்னால் நின்ற மெஹ்ருன்னிசாவைப் பார்த்து, "தங்கச்சி, இவரு கை இருக்கே, அது பெரிய கையாக்கும். அந்த அறைக்கு எந்தெந்த நாட்டுக்காரனெல்லாம் வருவான் தெரியுமா? அத்தன பேரும் 'சகரியா எங்கே'ன்னுதான் கேப்பான். இவரு லீவுல வந்திருந்தா நான் அந்தப் பக்கமே போவ மாட்டேன்," என்றார்.

அவள் அரிசிப் பத்திரியும் கோழிக்கறியும் எடுத்துவந்து வைத்தாள். அவர் ஆசையாகத் தின்றார். கட்டன்சாயா குடித்தார். பிறகு, மெஹ்ருன்னிசா பயந்த காரியம் நடந்தது. பையிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்து ஜக்கரியாவின் மடியில் வைத்தார்.

"ஒமக்குத்தான். நீரு வலிக்க மாட்டீருன்னு தெரியும். இது ஒமக்க கை மறந்து போவாம இருக்கதுக்கு. ஒண்ணு பத்த வச்சுத் தாரும் பாப்போம். ஒமக்க கையால ஒண்ணு வலிச்சு எவ்வளவு நாளாச்சு!"

ஜக்கரியா பெட்டியின் மூடியைத் தடவினார். முடியாது என்று இப்போது சொல்லிவிடுவார் என்று மெஹ்ருன்னிசா நினைத்தாள். அவரோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "சந்தோசம் சார்," என்றார்.

சாயா கிளாஸைப் பிடித்தால் தளும்பச் சிந்துகிற கை அது. அந்தக் கை சுருட்டை எடுத்தது. இரண்டு விரலால் உருட்டி, காதருகே கொண்டுபோய் அதன் ஈரத்தைக் கேட்டது. பெட்டிக்குள் கிடந்த வெட்டியை எடுத்து நூலளவு தலையைச் சீவியது. தீக்குச்சியை உரசி, மருந்து எரிந்து தீரும்வரை அவர் காத்திருந்தார். சாரல் காற்றுக்கு மறு கையைக் குவித்துக்கொண்டு, சுருட்டை மெல்லச் சுற்றிச் சுற்றி வெதுப்பினார். நடுக்கமே இல்லை. முனை ஒரே சீராகச் சிவந்து, சாம்பல் பூத்து வந்தது. அதை இரு கையாலும் நீட்டிக் கொடுத்தார்.

இத்தனை வருசமும் நமக்குச் சோறு போட்ட வேலை இதுதானா என்று மெஹ்ருன்னிசா வாய்பிளந்து நின்றாள். இந்த மனிதரோடு குடும்பம் நடத்தியிருக்கிறாள். இந்த அழகை அவள் கண்டதில்லை. முன்பின் தெரியாத ஆட்கள் தினம் தினம் கண்டிருக்கிறார்கள். அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

முத்துநாயகம் கண்ணை மூடி இழுத்து, வாயில் நிறுத்தி, வெளியே விட்டார். கடல்காற்று அந்தப் புகையை அப்படியே வீட்டுப் பக்கம் தள்ளியது. ஜக்கரியாவின் முகத்தில் படிந்து, திரையைத் தாண்டி அடுக்களைவரை போனது. சட்டைகளை அலசும்போது வருகிற அதே வாடை.

அவர் இருமவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தொண்டைக்குழி குத்திக் குத்தி உள்ளே போனது. கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. நாற்காலியின் கையைப் பற்றியிருந்த விரல்கள் வெளுத்தன. முகத்தில் மட்டும் சின்னச் சிரிப்பு இருந்தது.

"இவன்தான் மவனா?" என்று முத்துநாயகம் ஃபாயிஸைக் கேட்டார். "என்னப்பா செய்யுக?"

"பி.காம். முடிச்சிருக்கான் சார்," ஜக்கரியா முந்திக்கொண்டார். நிறுத்தினார். மறுபடி காற்றைக் கூட்டினார். "ஒங்க ஆபீஸ்ல... கணக்குல... ஒரு எடம் கிட்டினா..."

"ஆபீஸா? ஆபீஸுக்கு ஆளு மலிஞ்சு கிடக்கு வேய். நான் என்ன நினைச்சு வந்தேன் தெரியுமா? நம்ம ஹோட்டல்லயும் சுருட்டு அறை ஒண்ணு திறக்கேன். யாரு யாரையோ வச்சுப் பாத்தாச்சு. ஒருத்தனுக்கும் அந்தப் பக்குவம் வரல்ல. ஜக்கரியா மவன்னு சொன்னா அதுவே போதும். நல்ல சம்பளம், தங்க எடம், சாப்பாடு. அடுத்த மாசமே விசா. என்ன சொல்லுகீரு?"

ஜக்கரியா வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. வந்தது ஒரு விசில் சத்தம் மாத்திரம்.

"நான் வாறேன் சார்," என்றான் ஃபாயிஸ்.

அவன் சொன்ன வேகத்தில் மெஹ்ருன்னிசா திரையை இழுத்து விலக்கினாள். புருசனைப் பார்த்தாள். உதடு நாவல்பழம்போல் இருந்தது. கண் மேலே சொருகிக்கொண்டு வந்தது. அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. உள் அறைக்கு ஓடி, கதவைத் திறந்து, மெஷினைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு சிட்அவுட்டுக்கே வந்துவிட்டாள். தலையை மூடிக் கிடந்த தட்டம் சரிந்தது அவளுக்குத் தெரியவில்லை.

"சார், அந்தத் தீய அணைங்க. இது ஆக்சிஜன். அணைங்க சார்!"

முத்துநாயகம் பதறி எழுந்தார். சுருட்டை என்ன செய்வதென்று தெரியாமல் சாயா சாசரில் வைத்து நசுக்கினார். புகைந்தது. மறுபடி நசுக்கினார். அது உடைந்து இலையும் சாம்பலுமாகச் சிதறியது. ஜக்கரியா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மெஹ்ருன்னிசா மெஷினைச் சுவிட்சில் மாட்டி, குழாயை அவர் மூக்கில் வைத்தாள். அடக்கி வைத்த இருமல் அப்போதுதான் வெளியே வந்தது. வந்து, நிற்காமல், பெருநாள் சட்டையெல்லாம் சளியும் ரத்தமும் ஆகும்வரை வந்தது.

"வேய், என்ன வேய் இது... ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" முத்துநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் பாவி அறியாம..."

"ஒண்ணுமில்ல சார்... மழைக்கு..." என்றார் ஜக்கரியா.

கார் போன பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மெஹ்ருன்னிசா சட்டையை மாற்ற வந்தபோது கையைத் தட்டிவிட்டார். "எனக்க மானத்த வாங்கிட்டியே," என்றார். அதுதான் கடைசி. பிறகு அவளோடு பேசவில்லை. கஞ்சி கொடுத்தால் குடித்தார். புரட்டிப் படுக்கவைத்தால் புரண்டார். வாயை மட்டும் திறக்கவில்லை.

ஃபாயிஸ் அவளிடம் பேசினான். பேசாமலே இருந்திருக்கலாம்.

"எல்லாம் சரியா வந்த நேரத்துல நீ ஏன் உம்மா அங்க வந்தே?"

"வாப்பா சாவக் கிடந்தாருலே!"

"இனி அவரு கூப்பிடுவாரா? நம்ம வீட்டு வாசல்ல வந்து நின்னு வேலைக்கு வான்னு எவன் கெஞ்சுவான்?"

"நீ அந்த வேலைக்குப் போவாண்டாம் மக்கா. வாப்பாவப் பாத்தியா? பாத்தும் போவணும்னா?"

"வேற என்ன இருக்கு எனக்கு? சொல்லு. காலத்துக்கும் ஒனக்க இடியாப்பத்த தூக்கிட்டு நடக்கவா?"

மகள் ஃபாஸிலாவைக் கட்டிக்கொடுத்ததும், இந்த வீட்டைக் கட்டியதும், இப்போது ஓடுகிற மெஷினும் எல்லாம் அந்த ஜன்னலில்லாத அறையிலிருந்து வந்தவைதான். வேறு எங்கிருந்தும் எதுவும் வந்ததில்லை.

முத்துநாயகம் கூப்பிடாமல் இருக்கவில்லை. நல்ல மனிதர். மறுவாரமே கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்கு என்ன வேண்டுமானாலும் செய்வதாகச் சொன்னார். மகன் காரியம் தன் பொறுப்பு என்றார். "அவன் ஜக்கரியாவுக்க எடத்துல நிக்கணும். அதுதான் நான் அவருக்குச் செய்யுகது," என்று தழுதழுத்தார். அவர் கொடுத்தது அவரிடம் இருந்ததிலேயே பெரிய மரியாதை. அதை எப்படி வேண்டாமென்று சொல்வது என்று மெஹ்ருன்னிசாவுக்குத் தெரியவில்லை.

ஆடி பிறந்தது. ஒரு மத்தியானம் அவள் மீன் கழுவிக்கொண்டு பின்பக்கம் இருந்தாள். அடுக்களைத் தரையில் ஃபாயிஸ் அந்த மரப்பெட்டியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தான். போனைச் சுவரில் சாய்த்து வீடியோ ஓடவிட்டிருந்தான். யாரோ வெள்ளைக்காரன் சுருட்டு வெட்டிக் காட்டினான். ஃபாயிஸ் பார்த்துப் பார்த்துச் செய்தான். வெட்டி எங்கோ தொலைந்துபோயிருக்க வேண்டும். அவளுடைய தையல் கத்திரியைக் கையில் வைத்திருந்தான். இலை பிய்ந்து பிய்ந்து போனது. முன்னறையில் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. கத்திரி கறுக் கறுக்கென்று நெறிபடுகிற சத்தம் அங்கேவரை கேட்டிருக்கும்.

"கத்திரியால வெட்டாத," என்று ஜக்கரியாவின் குரல் வந்தது. "நசுங்கும்."

ஃபாயிஸ் கையை நிறுத்தினான். வேறு ஒன்றும் வரவில்லை. அந்த ஒரு வரிதான். மெஹ்ருன்னிசா கழுவின சாளை மீனைச் சட்டியோடு அப்படியே வைத்துவிட்டு, கிணற்றுக் கல்லில் உட்கார்ந்து அழுதாள். அவர் சம்மதித்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

அவன் புறப்பட்ட அன்று மழை விட்டிருந்தது. பெரியவாப்பா மைதீன் கனியின் காரில் திருவனந்தபுரம் போய், அங்கிருந்து விமானம். மெஹ்ருன்னிசா முந்திரிக்கொத்தும் வறுத்த நெத்திலியும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். ஃபாயிஸ் வாப்பாவின் கையைப் பிடித்து முத்தமிட்டான். அவர் அவன் தலையில் கைவைத்தார். சொல்வதற்கு எத்தனையோ இருந்திருக்கும். "தொழுகைய விடாத," என்றார்.

கார் போயிற்று. மெஹ்ருன்னிசா திரும்பி வந்து, மறுநாளைக்கு அரிசியை நனையப் போட்டாள். முன்னறையைப் பெருக்க வந்தபோது ஜக்கரியா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"பெய்ட்டானா?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளிடம் பேசின முதல் வார்த்தை. அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். "பெய்ட்டான்."

"நான் ஒன்னயத் திட்டினேன்."

"இப்ப என்னத்துக்கு அது?"

"நீ குழாய வச்சியா... அவருக்கு முன்னால... அந்நேரம் அந்தக் காத்து உள்ள போச்சு பாரு..." நிறுத்தி, மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "அவ்வளவு சொகமா இருந்துச்சு. அவரு நிக்காரு, எனக்க மேலெல்லாம் சளி, ரத்தம். ஆனாலும் சொகமா இருந்துச்சு. அதத்தான் தாங்க முடியல்ல. அந்தக் கோவத்த ஒனக்கிட்டக் காட்டிட்டேன்."

அவள் அவர் நெஞ்சைத் தடவிவிட்டாள். கைக்குக் கீழே எலும்புகள் ஏறி இறங்கின.

"மெஹ்ரு. அவன் போவாண்டாம்னு நான் சொல்லல்ல."

"நானும்தான் பெறவு சொல்லல்ல."

"போன் போடு."

"என்ன?"

"போன் போடு. திரும்பி வரச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு. பட்டினி கிடந்தாலும் இஞ்ச கிடக்கட்டும். அந்த அறைக்கு ஜன்னல் வச்சிருக்க மாட்டாங்க. போடு புள்ள."

அவர் அவள் கையைப் பிடித்துத் தள்ளினார். அவள் எழுந்து அலமாரி மேலிருந்து போனை எடுத்தாள். இரண்டு தரம் தப்பாக அழுத்தி, மூன்றாம் தரம் போயிற்று. இன்னும் கேரள எல்லையில் களியக்காவிளை தாண்டியிருக்க மாட்டார்கள். காரைத் திருப்பினால் சாயங்காலத்துக்குள் வீட்டில் இருப்பான். வந்து இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவான். நாளைக் காலையில் இடியாப்பத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பான். நாளை மறுநாளும்.

"உம்மா!" என்று ஃபாயிஸ் எடுத்தான். கார் ஜன்னலில் காற்று அடிக்கிற சத்தம். அதற்கு மேலே அவன் குரல். அப்படியொரு தெளிச்சியான குரலை அவனிடம் கேட்டு வருசங்கள் ஆகியிருந்தன. "உம்மா, முத்துநாயகம் சாரு இப்பத்தான் மெசேஜ் போட்டாரு. மஸ்கட் ஏர்போர்ட்டுக்கு அவரே கார் அனுப்புகாராம். எனக்காக்கும்! கேட்டியா? என்னும்மா, எதுக்குக் கூப்பிட்ட?"

ஜக்கரியா தலையணையிலிருந்து தலையைத் தூக்கி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல மக்கா," என்றாள் மெஹ்ருன்னிசா. "அந்த நெத்திலிய வழியில எடுத்துத் தின்னு. வெறும் வயித்தோட போவாத."

ஜக்கரியா தலையை மெதுவாகக் கீழே வைத்தார்.